ஊற்றாமல் ஏறும் ஆயில்: சேற்று வயல் டிராக்டருக்கு ஆயில், தண்ணீர் பார்க்கும் முறை

மூன்று வருடத்துக்கு முன், ஆடி மாதம். மியான்மரில் பகோ நகருக்குக் கிழக்கே தாழ்வான வயல்களில் கூலிக்குச் சேறடித்துக்கொண்டிருந்தோம். தினமும் காலையில் கியர் பாக்ஸ் ஆயில் குச்சியை எடுத்துப் பார்ப்பது என் வேலை. ஒரு நாள் பார்த்தால் அளவு மேல் கோட்டையும் தாண்டி நின்றது. நம்ம வண்டி ஆயிலே குடிப்பதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டு குச்சியைச் சொருகிவிட்டேன். ஐந்தாம் நாள், பின்னால் மாட்டிச் சேறடிக்கும் ரொட்டவேட்டரைத் தூக்கும்போது லிஃப்ட் பாதியில் நின்றது. மெக்கானிக் அண்ணன் வந்து, ஆயில் இறக்கும் அடி நட்டைத் தளர்த்தியதும் வெளியே வந்ததைப் பார்த்தால் டீக்கடைப் பால் டீ மாதிரி இருந்தது. "தம்பி, நீ ஊத்தவே இல்லை, அப்புறம் எப்படிடா ஏறும்?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அளவு குறைந்தால் எல்லோரும் பதறுகிறோம். கூடினால் யாரும் பதறுவதில்லை. நெல் வயலில் ஓடும் வண்டிக்குக் கூடுவதுதான் பெரிய ஆபத்து, ஏனென்றால் கூடுவது பெரும்பாலும் தண்ணீராக இருக்கும், இல்லாவிட்டால் டீசல். அதனால் குச்சியை எடுத்தால் கோட்டைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். நிறத்தைப் பாருங்கள், விரலில் தேய்த்துப் பாருங்கள், மோந்து பாருங்கள்.

இங்கே எழுதுவது 20 முதல் 50 குதிரைசக்தி வரையுள்ள சின்ன டிராக்டர்களுக்கு. நம் பக்கம் நிறைய ஓடும் குபோட்டா எல் வரிசை, இந்திய வண்டிகள், ஜப்பானிலிருந்து பழையதாக வந்தவை எல்லாம் இதில் அடங்கும். எத்தனை லிட்டர், எந்த ரகம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதற்கு உங்கள் வண்டிப் புத்தகம்தான் சட்டம். பழைய ஜப்பான் வண்டி என்றால் ஸ்டிக்கர் எழுத்து நமக்குப் புரியாது. மாடல் எண்ணை வைத்துப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, லிட்டர் கணக்கை மட்டுமாவது மட்கார்டின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதி வையுங்கள்.

தொடங்கும் முன்

காலையில், எஞ்சினைத் தொடுவதற்கு முன் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் கீழே இறங்கியிருக்கும், ரேடியேட்டர் ஆறியிருக்கும், தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் பிரிந்திருக்கும். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். வரப்போரம் ஒரு சக்கரம் ஏறி நின்றால் குச்சி பொய் சொல்லும். ரொட்டவேட்டரைத் தரையில் இறக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கைப் பூட்டி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கையில் ஒரு வெள்ளைத் துணி இருக்கட்டும். பழைய கைலியைக் கிழித்த பூப்போட்ட துணியில் ஆயிலின் நிறம் தெரியாது. நூல் பிரியும் துணியும் வேண்டாம்.

குச்சியையோ மூடியையோ திறக்கும் முன் சுற்றிலும் துடைத்துவிடுங்கள். காய்ந்த சேறு ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலே பேரிங்குக்கு உப்புத்தாள் போட்ட கதைதான்.

எஞ்சின் ஆயில்

குச்சியை உருவித் துடைத்து, முழுக்கச் சொருகி, மறுபடி உருவிப் பாருங்கள். முதல் தடவை உருவியதை நம்ப வேண்டாம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. ஓடிய வண்டியை நிறுத்திப் பார்ப்பதானால் குறைந்தது ஐந்து நிமிடம் பொறுங்கள்.

குறைந்திருந்தால் கால் லிட்டர் ஊற்றி, கொஞ்சம் காத்திருந்து மறுபடி பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றிவிட்டால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கும். நுரையால் பேரிங்கைக் காக்க முடியாது, ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீல்களும் கசிய ஆரம்பிக்கும். அதிகமானதை அடி நட்டு வழியாக இறக்கிவிடுவதுதான் வழி.

டீசல் எஞ்சின் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். அது புகைக்கரி, பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, ஆயில் பழுப்பாக, பால் கலந்த மாதிரி இருப்பது. ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது, அநேகமாக எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். இரண்டாவது, அளவு ஏறி, ஆயில் நீர்த்து, டீசல் வாடை அடிப்பது. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரோ டீசல் பம்போ உள்ளுக்குள் கசிகிறது என்று அர்த்தம். இரண்டில் எதைக் கண்டாலும் அன்று வண்டியைக் கிளப்பாதீர்கள்.

வெப்பமான நம் ஊருக்கு 15டபிள்யூ-40 டீசல் எஞ்சின் ஆயில்தான் பொதுவாகப் பொருந்தும். கடையில் "எஞ்சின் வைங்" (எஞ்சின் ஆயிலுக்கு இங்கே சொல்லும் பெயர்) என்று மட்டும் கேட்டால் மோட்டார் சைக்கிள் ஆயிலைக்கூட எடுத்து நீட்டுவார்கள். டீசல் டிராக்டருக்கு என்று சொல்லி, டப்பாவில் சிஎஃப்-4, சிஐ-4 போன்ற தரக் குறிகளில் உங்கள் புத்தகம் கேட்பது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூடியின் சீல் தளர்ந்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

புதிய வண்டிக்கு முதல் 50 மணி நேரத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது வழக்கம். அதன்பின் வண்டியைப் பொறுத்து 100 அல்லது 200 மணி நேரத்துக்கு ஒருமுறை. இதை மாதக் கணக்கில் நினைப்பதுதான் நம் ஆட்கள் செய்யும் தப்பு. நடவுக் காலத்தில் கூலிக்கு ஓடும் வண்டி ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடும். பத்தே நாளில் 100 மணி நேரம் முடிந்துவிடும். "போன மாசம்தானே மாத்தினோம்" என்ற பேச்சு அங்கே செல்லாது. ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயில் தடவி, ரப்பர் தொட்டபின் கையாலேயே அரை முதல் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, குச்சியை மறுபடி பாருங்கள். ஃபில்டர் நிரம்பியதால் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ரேடியேட்டர்

பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு கோடு இருக்கும். நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். டப்பாவை மட்டும் நம்பிவிடவும் கூடாது. டப்பாவுக்குப் போகும் குழாய் அடைத்திருந்தால் டப்பா நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகும். வாரத்துக்கு ஒருமுறை, ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியையே திறந்து கழுத்து வரை இருக்கிறதா என்று பாருங்கள்.

சூடான ரேடியேட்டரைத் திறக்கவே கூடாது. ஈரச் சாக்கு போட்டுத் திறக்கலாம் என்று சொல்பவர்களிடம் கைத் தழும்பைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி திறந்த நொடியில் அவ்வளவும் ஆவியாகச் சீறும்.

பனி உறையாத ஊரில் கூலன்ட் எதற்கு, தண்ணீர் போதாதா என்று கேட்பார்கள். கூலன்ட் கொதிநிலையை ஏற்றுகிறது, துரு பிடிக்காமல் காக்கிறது. இந்த இரண்டும் சித்திரை வெயிலில் காய்ந்த நிலம் உழும் வண்டிக்கு வேண்டியவை. காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. கலந்தே விற்கும் கூலன்டில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்காதீர்கள். மொத்தமாக மாற்றுவதற்கு இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். கடலோர ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் ரேடியேட்டருக்குள் உப்பு ஓட்டு வீடு மாதிரி அடுக்கடுக்காகப் படியும். வழியில் மாட்டிக்கொண்டால் சுத்தமான பாத்திரத்தில் பிடித்த மழைத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட மேல். வீடு வந்ததும் சரியான கலவைக்கு மாற்றிவிடுங்கள்.

சிவப்புக் கூலன்டில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வண்டிக்கு அடியில் சிவப்புச் சொட்டு தெரிந்தால் அது கசிவா, ஓட்டுபவரின் வெற்றிலை எச்சிலா என்று பிரிக்க முடியாது. நான் பச்சைக்கு மாற மெக்கானிக் அண்ணன் சொன்ன காரணம் இதுதான். ஒரு ரகத்தோடு இன்னொன்றைக் கலக்காமல், பழையதை முழுக்க இறக்கிக் கழுவிவிட்டு மாற்றினோம்.

சூடு ஏறினால் அளவு குறைந்ததுதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். அறுவடைக்குப் பின் தூசியும் உமியும் முன்வலையில் அப்பிக்கொள்ளும். வலையை உருவித் தட்டுங்கள். ரேடியேட்டர் இடுக்குகளை ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி ஊதுங்கள், வந்த வழியே போகட்டும். ஃபேன் பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று அப்போதே அழுத்திப் பார்த்துவிடுங்கள். ஓட்டும்போது முள் சிவப்புக்குப் போனால் பாரத்தை எடுத்துவிட்டு, சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள். பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீரே இல்லாவிட்டாலோ உடனே நிறுத்துங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும்.

கியர் பாக்ஸ், ஹைட்ராலிக்

எனக்குப் பாடம் கிடைத்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் கியருக்கும், லிஃப்டுக்கும், எண்ணெயில் நனைந்தபடி வேலை செய்யும் பிரேக் தட்டுகளுக்கும் ஒரே ஆயில்தான். பல வண்டிகளில் பவர் ஸ்டியரிங்கும் அதிலேயே ஓடுகிறது. இப்படி எல்லாவற்றுக்கும் பொதுவான டிராக்டர் ஆயிலுக்கு யூடிடிஓ என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். கடையில் "கியர் வைங்" என்று கேட்டால் லாரி டிஃபரன்ஷியலுக்கான கெட்டியான ஆயில் வரும். அதை ஊற்றினால் லிஃப்டைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப் காலையில் இழுக்க முடியாமல் அலறும், பிரேக் தட்டுகளும் கெடும். வெறும் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் பிரேக் உதறும். அளவு பல லிட்டர்கள் என்பதால் விலை கையைக் கடிக்கும், உண்மைதான். அந்த விலையைப் பார்த்துத்தான் பலரும் கலக்கிறார்கள்.

பார்க்கும் முறை: லிஃப்ட் முழுக்கக் கீழே இருக்க வேண்டும், முன்னால் மண் அள்ளும் லோடர் இருந்தால் அதையும் இறக்குங்கள். தூக்கி நின்றால் சிலிண்டருக்குள் ஆயில் தங்கி, குச்சியில் குறைவாகக் காட்டும். சில வண்டியில் குச்சி, சில வண்டியில் கண்ணாடி வட்டம். கண்ணாடியில் பாதி நின்றால் சரி என்று பலர் சொல்வார்கள், உங்கள் புத்தகம் என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். குச்சியைத் திருகி இறுக்கும் வண்டிகளில், திருகாமல் சும்மா வைத்துப் பார்ப்பதா, திருகிப் பார்ப்பதா என்பதும் புத்தகத்தில் இருக்கும். இதில் தப்பினால் ஒரு லிட்டர் கணக்கு தப்பும்.

நல்ல ஆயில் தேன் நிறம், ஊடுருவித் தெரியும். மங்கலாக, புகை படிந்த மாதிரி இருந்தால் தண்ணீர் சேர ஆரம்பித்துவிட்டது. பால் டீ நிறம் என்றால் முற்றிவிட்டது. சந்தேகம் இருந்தால் ஒரு தகரத் தட்டைச் சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, ஒரே ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள். சுத்தமான ஆயில் சும்மா பரவும். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், தட்டு புகையும் அளவுக்குச் சுட வேண்டாம்.

இன்னொரு வழி அடி நட்டு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், எஞ்சினைக் கிளப்பும் முன், அடியில் ஒரு தட்டை வைத்து அடி நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். கழற்றவே கூடாது, சொட்டு விழும் அளவுக்கு மட்டும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் பிரிந்த தண்ணீர்தான் முதலில் வரும். ஆனால் முழுக்கக் கலங்கிப் பாலாகிவிட்ட ஆயிலில் தண்ணீர் எளிதில் பிரியாது, அங்கே இந்தச் சோதனை ஏமாற்றும்.

தண்ணீர் எப்படி நுழைகிறது? சீல் தேய்ந்திருந்தால் நேராக நுழையும். குச்சியின் ரப்பர் வளையம், கியர் கம்பியின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழை இறங்கும். இவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாத வழி ஒன்று உண்டு. மணிக்கணக்காக ஓடிச் சூடான கியர் பாக்ஸ், ஆழமான குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பாக்ஸ் வெளியிலிருந்து இழுக்கப் பார்க்கும். மூச்சுவிடும் சின்னத் துளை சேற்றால் அடைத்திருந்தால் அந்த இழுப்பு சீல் வழியாகத்தான் நடக்கும், சீலுக்கு வெளியே நிற்பதோ வயல் தண்ணீர். என் வண்டியில் நடந்தது இதுதான். சீல் எல்லாம் ஓரளவு நன்றாகவே இருந்தது, மூச்சுத்துளைதான் களிமண் பிடித்துக் கல்லாகியிருந்தது. அந்தத் துளை எங்கே என்று இன்றே தேடிக் கண்டுபிடித்து, வாரம் ஒருமுறை துடையுங்கள். மேட்டிலிருந்து ஆழ வயலுக்கு இறங்கும் முன் வண்டியைக் கொஞ்சம் ஆறவிடுவதும் நல்லது.

தண்ணீர் சேர்ந்துவிட்டால் மேலே புது ஆயில் ஊற்றிச் சமாளிக்க முடியாது. சூடாக இருக்கும்போதே முழுக்க இறக்கி, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் நிரப்பி, லிஃப்டைப் பலமுறை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். மறுபடி மங்கினால் இன்னொருமுறை மாற்றத்தான் வேண்டும். நான் இரண்டுமுறை மாற்றினேன், அந்த வருட நடவுக் கூலியில் பாதி அதற்கே போனது. எதனால் நுழைந்தது என்று கண்டுபிடிக்காமல் ஆயிலை மட்டும் மாற்றினால் காசு தண்டம்.

முன் அச்சும் ரொட்டவேட்டரும்

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் அச்சுக்குத் தனி ஆயில். சேற்றில் முழுகிக் கிடக்கும் பாகமும் இதுதான், யாரும் திரும்பிப் பார்க்காத பாகமும் இதுதான். பக்கவாட்டு நட்டைக் கழற்றினால் ஓட்டையின் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும், சில வண்டியில் இதற்கும் குச்சி உண்டு. இரண்டு பக்கமும் சக்கரம் மாட்டும் ஹப்பின் அடி நட்டுகளையும் மாதம் ஒருமுறை மேலே சொன்ன மாதிரி சொட்டவிட்டுப் பாருங்கள். ஹப் ஓரத்தில் வைக்கோலும் நைலான் கயிறும் சுற்றிக்கொள்வதை அன்றன்றே அறுத்தெடுங்கள். அந்தக் கயிறு சீலுக்குள் புகுந்து அரம் மாதிரி அறுக்கும்.

ரொட்டவேட்டருக்கு நடுவில் ஒரு கியர் பெட்டி, பக்கத்தில் செயின் அல்லது கியர் உறை. இரண்டிலும் கெட்டியான கியர் ஆயில் இருக்க வேண்டும். பழைய ரொட்டவேட்டரை வாங்கியவர்கள் இதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே இருந்து சேற்றுத் தண்ணீர் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

டீசல்

கிராமத்தில் வழியோரம் பாட்டிலில் விற்கும் டீசலை வாங்காமல் இருக்க முடியாது. பீப்பாயிலிருந்து எடுப்பதானால் பீப்பாயை ஒரு நாளாவது அசையாமல் நிற்கவிட்டு, அடியில் நாலு விரல் உயரத்தை விட்டுவிட்டு மேலிருந்து எடுங்கள். நெருக்கமான சல்லடை வைத்து ஊற்றுங்கள். வேலை முடிந்து சாயங்காலமே டேங்கை நிரப்பிவிட்டால் ராத்திரிக் குளிரில் டேங்கின் உள்சுவரில் வியர்த்துத் தண்ணீர் சேர்வது குறையும். பானெட்டைத் தூக்கி, டீசல் வரும் வழியில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைப் பாருங்கள். அடியில் தெளிவாக ஒரு கோடு பிரிந்து தெரிந்தால் அது தண்ணீர். சில வண்டியில் உள்ளே சிவப்பு வளையம் ஒன்று தண்ணீரின் மேல் மிதந்து காட்டிக்கொடுக்கும். வால்வை மூடி, கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டிக் கழுவி மாட்டுங்கள், பின் டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டுக் கிளப்புங்கள்.

மற்றவை, சுருக்கமாக

மூடி திறக்கும் பேட்டரியில் தகடுகளுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் வேண்டாம். குடிக்க விற்கும் யேதான் என்ற சுத்திகரித்த தண்ணீர் சுத்தமாக இருக்கலாம், ஆனால் அது வடித்த தண்ணீர் இல்லை. பேட்டரி பக்கம் குனியும்போது வாயில் சுருட்டு இருக்கக் கூடாது, அங்கே வரும் வாயு பற்றி வெடிக்கும். பவர் ஸ்டியரிங்குக்குத் தனி டப்பா இருந்தால் அதையும் பாருங்கள். பழைய இந்திய வண்டிகளில் காற்று வடிகட்டியின் அடியில் ஆயில் கிண்ணம் இருக்கும். வாரம் ஒருமுறை கழற்றி, சேறு படிந்திருந்தால் கொட்டிவிட்டு, எஞ்சின் ஆயிலைக் கோடு வரை ஊற்றுங்கள்.

கசிவைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. ஹைட்ராலிக் ஹோஸிலிருந்து ஊசி போல் பீய்ச்சும் ஆயில் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போகும். விரலால் தடவிப் பார்க்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, லிஃப்டை இறக்கி, அப்புறம் கை வையுங்கள். ஓடும்போதே பார்க்க வேண்டுமென்றால் தள்ளி நின்று ஓர் அட்டையைக் காட்டுங்கள். தோலுக்குள் போய்விட்டால் காயம் முள் குத்தின மாதிரிதான் தெரியும், வலிக்கும்வரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எப்போது எதை

சேறடிக்கும் நாட்களில் தினமும் காலையில் எஞ்சின் ஆயில், ரேடியேட்டர், கியர் பாக்ஸ் குச்சி, டீசல் கிண்ணம். பழகிவிட்டால் பத்து நிமிடம். முன் அச்சின் ஆயில் அளவு, ரொட்டவேட்டர், பேட்டரி, மூச்சுத்துளை வாரத்துக்கு ஒருமுறை. மே நடுவில் மழை பிடிக்கும் முன், பர்மிய வருடப் பிறப்பான திஞ்சானும் நம் தமிழ் வருடப் பிறப்பும் சேர்ந்து வரும் ஏப்ரல் விடுமுறையில் சீல், ரப்பர் உறை, ஹோஸ் எல்லாவற்றையும் பார்த்து மாற்ற வேண்டியதை மாற்றிவிடுங்கள். சேற்று வேலை ஓய்ந்தபின் வரும் ஆயுத பூசைக்கு எங்கள் வீட்டில் டிராக்டரைக் கழுவிச் சந்தனம் வைப்போம். அதற்கு முந்தின நாள் அடி நட்டுகளை எல்லாம் ஒருமுறை சொட்டவிட்டுப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மழைக்காலத்தில் நுழைந்த தண்ணீரோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் கியர் பற்களில் துரு ஏறும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, வண்டி ஓடிய மணியைக் காட்டும் மீட்டர் அளவு, எதில் எவ்வளவு ஊற்றினேன், என்ன நிறம். இவ்வளவுதான் எழுதுவது. அளவு ஏறியிருந்தால் சிவப்புப் பேனாவில் எழுதுகிறேன். இறக்கிய பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல் மூடி போட்ட டின்னில் சேர்த்து வைத்து, எண்ணெய் எடுக்க வருபவரிடம் கொடுக்கிறேன். அந்தப் பால் டீயில் ஒரு பாட்டில் மட்டும் கொடுக்கவில்லை. கொட்டகைத் தூணில் தொங்குகிறது. வண்டி ஓட்டப் பழக வரும் பையன்களிடம் முதலில் அதைக் காட்டி, இது என்ன என்று கேட்பேன். இதுவரை ஒருவன்கூட ஆயில் என்று சொன்னதில்லை.